நீங்கள் சந்தேகப்படாத ஒரே பாட்டில்

அக்கா,

“இத எப்போ தொறந்தீங்கம்மா?” என்று அந்தக் கண் டாக்டர் என்னைக் கேட்டது இன்று காலை மறுபடியும் காதில் விழுந்தது. எனக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதாம். புதிதாகச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூடியைத் திருகினேன். அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் வளையம் ‘டக்’கென்று அறுந்தது. அந்தச் சின்னச் சத்தம் போதுமாக இருந்தது. திண்டிவனத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தவள், விழுப்புரத்து ஆஸ்பத்திரி நடைக்குப் போய்விட்டேன். என் கைப்பையில் இரண்டு மருந்து பாட்டில்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள்.

டாக்டரிடம் அன்று உண்மையைச் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். எத்தனையோ முறை பார்த்துக்கொண்டோம், பேசினோம், சிரித்தோம். சொல்லவில்லை. போன வருடம் மார்பு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆள் போன பிறகு சொல்வதில் தைரியம் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் எதையும் எளிதில் நம்பாதவர். நம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக நீங்கள் இருந்த வருடங்களில் உங்களைத் தாண்டி ஒரு கெட்ட முட்டை உள்ளே போனதில்லை. முட்டை வந்து இறங்கியதும் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாகப் போடுவீர்கள். அடியில் படுத்துக்கொண்டால் சமையலுக்கு. நிமிர்ந்து நின்றால் தனியாக வைத்து இன்னொரு முறை பார்ப்பீர்கள். மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். முட்டை கொண்டுவருபவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்:

“இன்னாக்கா, முட்டைக்கு நீச்சல் கத்துக் குடுத்துக்கினு இருக்கிறியா?”

“ஆமா. நீச்சல் தெரிஞ்சது எல்லாம் உன் வண்டியிலயே திரும்பிப் போவும், ஏத்திக்க.”

அந்த அண்டாவை நான் ஏழாம் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தியிருக்கிறேன். முட்டை பழசாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் குறைந்து காற்று சேர்கிறது, அதனால்தான் மிதக்கிறது என்று. பார்த்தால் ஓடு வெள்ளையாகத்தான் இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொன்னவளுக்கு அது எவ்வளவு தூரம் புரிந்திருந்தது என்று பாருங்கள்.

ஓய்வு பெற்றதும் நீங்கள் கெடார்ப் பக்கம் உங்கள் நிலத்துக்கே போய்விட்டீர்கள். அங்கே நடந்த கண் முகாமில் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று சொல்லி, வேனில் ஏற்றி விழுப்புரம் கூட்டிப் போனார்கள். முந்தின நாள் போனில் என்னோடு ஒரு மணி நேரம் பேசினீர்கள்.

“டீச்சர், லென்சு பொட்டிய என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும்னு சொல்லப் போறேன்.”

“கண்ணுக்குள்ள வைக்கப் போறாங்க. கண்ணு முன்னால எப்படிக்கா பிரிப்பாங்க?”

“அதத்தான் நானும் சொல்றேன். நம்ம கண்ண மறைச்சிட்டு வேலை செய்றவங்கள எப்டி நம்பறது? சிபாரிசு இருக்கறவனுக்கு ஒரு லென்சு, வேன்ல வந்தவளுக்கு ஒரு லென்சுன்னு வெச்சிருந்தா?”

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் எதிரே இருந்த நர்சின் புடவைக் கரையில் எத்தனை கோடு என்று எண்ணிச் சொன்னீர்களாம். உங்கள் வீட்டில் அப்போது வேர்க்கடலை அறுவடை. மல்லாட்டை பிடுங்கி, மெஷின் போட்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். களமெல்லாம் தூசி. அந்தத் தூசியில் அறுவை செய்த கண்ணோடு இருக்க வேண்டாம் என்று நான்தான் உங்களை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் மருமகளிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்கும் எட்டு மாதம் முன்புதான் கண் அறுவை ஆகியிருந்தது. தெரிந்த வேலை என்ற நினைப்பு.

நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டினேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது. கசக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மருந்து. வலி, சிவப்பு, பார்வை குறைவு, இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் கை கழுவிவிட்டு வந்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டில் நுனி படாமல் ஒரு சொட்டு விட்டேன். நீங்கள் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தீர்கள். “வெரலுக்கு நடுவுல கழுவுனீங்களா?” என்று என்னையே கேட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் மருந்து பாட்டில் மூடியில்லாமல் கை கழுவும் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. நுனி நேராகச் சாக்கடைத் துளையில் போய் நின்றது. துடைத்துக்கொள்ளலாமா என்று நான் யோசிக்கும் முன்னே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: “இத இனிமே கண்ணுல உடக் கூடாது. தூக்கிப் போடுங்க.” உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வேலை செய்தது. பக்கத்தில் இருந்த இரண்டு மருந்துக் கடைகளும் பூட்டியிருந்தன. மூன்றாவது கடையில் நாளை மதியம் வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள்.

அப்போதுதான் என் குளிர்பெட்டிக் கதவில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது. என் அறுவைக்குப் பிறகு பாதி மிஞ்சியது. நல்ல மருந்தை எறிவானேன் என்று வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதே பெயர், அதே கம்பெனி. காலாவதித் தேதி அடுத்த வருடம்தான்.

நீங்கள் கேட்டீர்கள்: “இது எப்ப வாங்கினது டீச்சர்?”

“தேதி பாத்துட்டேன்க்கா. இன்னும் ஒரு வருசம் இருக்கு.”

எப்போது வாங்கினது என்று நீங்கள் கேட்டதற்கு, எப்போது முடியும் என்று நான் சொன்னேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் ‘கேட்டதற்கு விடை இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். அட்டையில் இருக்கும் தேதி திறக்காத பாட்டிலுக்கு உரியது. திறந்துவிட்டால் ஒரு மாதத்தோடு அதன் ஆயுள் சரி. இது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் அறுவையின்போது கொடுத்த தாளிலேயே நர்ஸ் அதை எழுதியிருந்தார், அக்கா. பிறகு தேடிப் பார்த்தேன்.

நீங்கள் தலையணையில் சாய்ந்து, “நீங்க பாத்துட்டீங்கன்னா சரி” என்றீர்கள். முட்டையை நம்பாதவர், லென்சை நம்பாதவர், என் விரலிடுக்கைக்கூட நம்பாதவர். அந்த ஒரு பாட்டிலை நம்பினீர்கள். ஞாயிறு இரண்டு முறை, திங்கள் காலை ஒரு முறை. பிறகு புது மருந்து வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கண் சிவந்தது. தண்ணீராக வழிந்தது. சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது, இரண்டு பேரும் படித்தவர்கள்தான், இருந்தும் என்ன செய்தோம்? உங்களோடு அதே வேனில் போய் அறுவை செய்துகொண்ட கெடார்க்காரம்மாவுக்குப் போன் போட்டோம். ஒரே வேனில் போனவர்களுக்குள் ஒரு சொந்தம் ஏற்பட்டுவிடுகிறது. டாக்டரைவிட அந்தச் சொந்தம் கிட்டத்தில் இருக்கிறது. அந்த அம்மா சொன்னார்: “எனக்குந்தான் செவந்துக்கினு இருக்கு. மெட்ராஸ் ஐ எல்லா ஊர்லயும் சுத்திக்கினு இருக்குதாம். தானாப் போயிடும், பேஜார் படாத.” உங்களுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் ஒரு முழு நாளைக் கொடுத்தோம்.

புதன் காலை நீங்கள் காப்பியைத் தொடவில்லை. நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். “பார்வை எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “நல்லாத்தான் தெரியுது, உங்க மூஞ்சி தெரியுதே” என்றீர்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறார் இவர்? உங்கள் இடது கண்ணை என் உள்ளங்கையால் மறைத்தேன். மூன்று விரலை நீட்டினேன்.

“எத்தனக்கா?”

“லைட்ட ஏன் அணைச்சீங்க?”

விளக்கை யாரும் அணைக்கவில்லை. ஜன்னல் வெயில் உங்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. விரலை ஆட்டினேன். “என்னமோ ஆடுது” என்றீர்கள். டார்ச் எடுத்து வந்து அடித்தேன். கருவிழியின் அடியில் வெள்ளையாக ஒரு மட்டம். அரிசி களைந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் மாவு படிகிறதே, அதைப் போல. பழைய மருந்து பாட்டில் அந்தக் கணமே நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்காமல் அதையும் புது மருந்தோடு கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“கெளம்புங்கக்கா, விழுப்புரம் போவலாம்.”

“நான் வர மாட்டேன். அவங்க வெச்ச லென்சுதான் இந்த வேலை செய்யுது. கெடுத்தவங்க கிட்டயே மறுபடி போயி கண்ணக் காட்டச் சொல்றீங்களா? இன்னொரு தபா கத்தி வெப்பாங்க.”

“வெக்காம உட்டா கண்ணு போயிடும்.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்? நீங்க இன்னா டாக்டரா?”

அப்போது சொல்லியிருக்கலாம். ‘லென்ஸ் மேல பழி போடாதீங்க, என் பாட்டில் பழசு’ என்று. சொன்னால் என்னோடு வர மாட்டீர்களோ என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில், “கெட்ட லென்சா இருந்தா அவங்க மூஞ்சிக்கு நேரா சண்ட போட வேணாமா? வாங்க” என்றேன். அதற்கு எழுந்தீர்கள். சண்டை என்றால் உங்களுக்குச் செருப்பு மாட்ட நேரமாகாது. “ஜல்தியா வாங்க டீச்சர்” என்று எனக்கு முன்னால் படி இறங்கினீர்கள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். கண் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, அது அழுந்தாமல் நான் பிடித்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை நீங்கள் யார் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தீர்கள்.

டாக்டர் ஐந்து நிமிடம் விளக்கு அடித்துப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள். அந்தம்மா சுற்றி வளைக்காதவர்.

“அம்மா, இது மெட்ராஸ் ஐ இல்ல. அது கண்ணுக்கு வெளிய வர்றது. இது கண்ணுக்குள்ள கிருமி போயிருக்குன்னு சந்தேகப்படறேன். உள்ள இருக்கிற நீர் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். கையோட உள்ளயே மருந்து ஊசி போடணும். இன்னிக்கே. இப்பவே.”

“சந்தேகந்தானா? டெஸ்ட்டு ரிசல்ட்டு வரட்டும். கிருமி இருந்தா போடுங்க.”

“ரிசல்ட்டு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள கண்ணு இருக்காது. அறுவை பண்ண கண்ணு வலிச்சு, செவந்து, பார்வை கொறஞ்சா கிருமின்னுதான் நான் மொதல்ல நெனைப்பேன். இல்லன்னு தெரிஞ்சா சந்தோசம். அது தெரியற வரைக்கும் நான் நம்ப மாட்டேன்.”

நீங்கள் என் பக்கம் திரும்பி, “இந்தம்மா நம்ம ஆளு டீச்சர். எதையும் நம்ப மாட்டேங்குது” என்றீர்கள். டாக்டரிடம், “போடுங்க” என்றீர்கள். லென்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

சொட்டு மருந்தே போதாதா என்று நான் நர்சிடம் கேட்டேன். உள்ளே இருப்பதை அது போதிய அளவு எட்டாது என்றார். கிணற்றுக்குள் விழுந்த அழுக்குக்குக் கைப்பிடிச் சுவரைக் கழுவி என்ன பயன் என்று நானே உதாரணம் சொல்லிக்கொண்டேன். வகுப்பு இல்லாத இடத்திலும் இந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

ஊசி போட உங்களை உள்ளே அழைத்துப்போன பிறகு டாக்டர் நடைக்கு வந்து, என்னென்ன மருந்து விட்டீர்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றார். புதுப் பாட்டிலை எடுத்தேன். கை பையிலேயே நின்றது. பிறகு பழையதையும் எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் ‘எப்போ தொறந்தீங்க’ என்ற அந்தக் கேள்வி வந்தது.

“எட்டு மாசம் ஆச்சு டாக்டர்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இதுலேருந்துதான் வந்துதுன்னு சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் நோயாளியோட இமை ஓரத்துல, தோல்ல இருக்கிற கிருமியே உள்ள போயிடும். ஆனா திறந்த மருந்த இவ்ளோ நாள் வெச்சு, இன்னொருத்தருக்கு விடறது தப்புமா” என்றார். பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். அதைச் சோதனைக்கு அனுப்பினார்களா, என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை உங்களோடு பரிசோதனைக்கு வந்தபோதும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய், கேட்காமல் திரும்பினேன்.

வெளியே வந்ததும் கேட்டீர்கள்: “தனியாக் கூப்ட்டு இன்னா கேட்டாங்க?”

“சும்மா, மருந்து பேரு கேட்டாங்கக்கா.”

இரண்டு நாள் கழித்து இன்னொரு ஊசி. வலி இறங்கியது. அந்த வெள்ளை மட்டம் மெல்லக் குறைந்தது. இரண்டு மாதத்தில் பஸ் பலகையில் ‘திருவாமாத்தூர்’ என்று இருப்பதை அந்தக் கண்ணால் மட்டும் படித்தீர்கள். செய்தித்தாள் எழுத்து மட்டும் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை.

சோதனை முடிவில் கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. நீங்கள் உற்சாகமாகிவிட்டீர்கள். “பாத்தீங்களா, கிருமியே இல்லையாம்! சும்மா குத்திட்டாங்க.” வளரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, முளைக்காத மல்லாட்டையை வைத்து நிலத்தில் விதையே போடவில்லை என்று சொல்ல முடியுமா என்று டாக்டருக்காக நான் வாதாடினேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கிருமி இல்லை என்ற நீங்களே கிருமி எங்கிருந்து வந்தது என்றும் வருடக்கணக்கில் துப்புத் துலக்கினீர்கள். வேனில் வந்த தூசி. பக்கத்துக் கட்டில்காரியின் இருமல். ஆஸ்பத்திரித் தலையணை. உங்கள் மருமகள் தலைக்குத் தடவும் எண்ணெய்கூடத் தப்பவில்லை. அந்தப் பெண் ஒருநாள் அழுதுவிட்டாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். “எல்லாம் நெனச்சுப் பாத்துட்டேன். டீச்சர் வூட்ல இருந்ததாலதான் இந்தக் கண்ணு தப்பிச்சுது” என்று அவளிடமே சொன்னீர்கள். நான் கேப்பைக் கூழைக் குடித்து முடித்தேன்.

இதுவரை எழுதியது என் பங்கு. இனி எழுதுவது உங்களைப் பற்றிய என் சந்தேகம்.

இடது கண்ணுக்கு அறுவை என்றபோது, என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். “இந்த வாட்டி மருமகளே பாத்துக்கும் டீச்சர், உங்களுக்கு ஏன் தொந்தரவு” என்றீர்கள். அப்போதும் மல்லாட்டை நேரம்தான். களத்தில் தூசிதான். உங்கள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு உங்கள் மருமகள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். “அத்தை ரெண்டாவது கண்ணுக்கு மருந்து பாட்டில் தொறந்த ஒடனே பேனா கேட்டாங்க டீச்சர். அன்னிக்குத் தேதிய அது மேல எழுதினாங்க. மாசம் ஆனதும் எடுத்துக் குப்பையில போட்டாங்க. மிச்சம் இருக்கே அத்தைன்னு சொன்னேன். இருந்தா இருக்கட்டும்னுட்டாங்க.”

அதை உங்களுக்கு யார் சொன்னது அக்கா? நர்ஸ் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் சொல்வார்கள். இல்லை, அன்று நடையில் டாக்டர் பேசியது கதவு வழியாகக் கேட்டதா? அப்படியானால் அந்தத் தூசி, இருமல், தலையணை எல்லாம் யாருக்காக? மருமகளை அழவைத்தது நிஜம். அது என்னை மறைப்பதற்காக என்றால் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றால் அதையும் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விடை வரவில்லை. இனி வரவும் வராது.

இப்போது உங்கள் குணம் என்னிடம் வந்துவிட்டது. தெருவில் யாராவது கறுப்புக் கண்ணாடியோடு போனால் நிறுத்திக் கேட்கிறேன். சிவப்பு இருக்கிறதா, வலி இருக்கிறதா, யாருடைய மருந்தை விடுகிறீர்கள், எப்போது திறந்தது. “தெரியும் டீச்சர்” என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை. ஒரு பெண்ணிடம் உங்கள் கதையை, என் பாட்டிலோடு சேர்த்து, முழுவதும் சொன்னேன். டாக்டரைத் தவிர ஒருவரிடம் முதல் முறையாகச் சொன்னது அதுதான். அவள் உள்ளே போய் அறுவை ஆன தன் கணவரைக் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்தாள்.

அவருக்கு நான் செய்து பார்த்ததையே, நீங்கள் படிக்க முடியாத இந்தக் கடிதத்தைப் படிக்கிறவருக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கண் அறுவை ஆகி வந்தவர் இருந்தால், நாளைக் காலை இப்போது அறுவை ஆகாத மற்றொரு கண்ணை மட்டும் உள்ளங்கையால் மறைத்து, உங்கள் முகம் நேற்று தெரிந்த அளவுக்கு இன்றும் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் யாருக்கும் போன் போடாமல் அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு ஏறுங்கள்.